மூடிக்கு உள்ளே

வட்டவளை தாண்டுமுன் மூன்று தரம் நின்றதாம்.
வைப்பரும் நின்றதாம், மழை மட்டும் நிற்கவில்லையாம்.
பல் டொக்டர் ரொசைரோ
ஈரக் காற்சட்டையோடு சொல்லிக்கொண்டே
பொனட்டைத் தூக்கிப் பிடித்தார்,
யாருடையதோ வாயைத் திறந்து காட்டுவதுபோல.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொரிஸ் மைனர்.
பொயின்ட் கருகியிருந்தது:
ஒரு முனையில் மேடு, எதிர்முனையில் குழி.
தேய்த்துவிட்டால் ஓடும்,
அடுத்த மூடுபனி வரைக்கும்.
ஹட்டனில் அடுத்த மூடுபனி என்பது
பின்னேரம் நாலரை மணி.

"மாத்திருங்க சந்தனமேரி,
ஆனா மாத்தினது தெரியக்கூடாது.
ஏப்ரல்ல நுவரெலியாவில பழைய வண்டிப் போட்டி.
டோர்ச் அடிச்சுப் பார்ப்பாங்க."

கொழும்பிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தேன்.
காந்த வளையம் ஒன்று,
பெருவிரல் அளவில் கறுப்புக் கட்டி ஒன்று.
தொடாமலே தெரிந்துகொள்ளும்;
தொடாததால் தேயாது.
பழைய மூடிக்குள் பேசாமல் உட்கார்ந்துவிடும்.
இந்த வண்டியில் நேர்முனைதான் எர்த்,
உடம்பு முழுக்கப் பிளஸ்.
இன்றைய வண்டிப் பழக்கத்தில் கொடுத்தால்
பதினெட்டாயிரம் ரூபா ஒரு நொடியில் புகை.
கடைக்காரனிடம் மூன்று முறை கேட்டு
நான்காம் முறை எழுதி வாங்கினேன்.

எல்லாம் சரி.
வெளியே வரும் வயர் இரண்டு, ஒன்று சிவப்பு.
அசல் வண்டியில் அங்கே ஒரு வயர்தான்,
கறுப்புத் துணி சுற்றியது.
அந்தச் சிவப்புத்தான் சனியன்.
இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
விடியக்காலை, கட்டிலடியில்,
மகனின் பள்ளிச் சப்பாத்து.
லேஸ்: கறுப்பு, பருத்தி, உள்ளே குழல்.
இரண்டு வயரும் வழுக்கிக்கொண்டு போயின.
அவன் அன்று ஒரு காலில் வெள்ளை லேஸோடு போனான்,
என்னோடு பேசாமல்.

துடைத்த மூடி பளபளத்தது.
அதுவே காட்டிக்கொடுக்கும்.
கிரீஸையும் கராஜ் தரையின் தூசையும் குழைத்து
பழையபடி அழுக்காக்கினேன்;
துடைத்ததைவிட அதற்குத்தான் நேரம் போனது.
டொக்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.
"நானும் இதைத்தான் செய்றேன்.
பக்கத்துப் பல்லு மஞ்சளா இருந்தா
புதுப் பல்லும் மஞ்சள்தான்."

நம்பர் பலகையில் ஸ்ரீ. அந்த எழுத்தும் அசல்.
மூலைத் திருகாணிக்கடியில்
காய்ந்த தார், மிளகளவு.
வீதித் தாராக இருக்கலாம்.
அந்த எழுத்தின்மேல் தார் பூசிய வருஷமும்
இந்த வண்டியின் வருஷமும் ஒன்று.
துணியோடு குனிந்தேன்.
"அதை விடுங்க" என்றார்.
ஏன் என்று அவர் சொல்லவில்லை,
யாருடைய வண்டி அப்போது என்று நானும் கேட்கவில்லை.
துணியை மடித்துப் பையில் வைத்தேன்.

கழற்றிய பொயின்டையும் கண்டென்சரையும்
பால்மா டின்னில் போட்டு டிக்கியில் வைத்தேன்.
பொயின்ட் இருமி இருமித்தான் சாகும்,
வீடு போய்ச்சேர நேரம் கொடுக்கும்.
இது சொல்லாமல் சாகும்.
"திருகாணி ரெண்டுதான், டொக்டர்.
பல்லுக் கழற்றுற கை, பழகிடும்."
இன்னொன்றும் சொன்னேன்:
"பனியில ஒரே இழுவையில ஸ்டார்ட் பண்ணாதீங்க.
குமிழை அரைவாசி இழுத்து விடுங்க.
ரெண்டு தரம் இருமட்டும்.
அந்தக் காலத்து வண்டி இருமாமல் எழும்பினால்
யாருக்கும் சந்தேகம் வரும்."

மூன்றாம் இடம்.
சீட்டின் நூல் நிறம் பிழையென்று புள்ளி வெட்டினார்களாம்.
நடுவர் பொனட்டுக்குள் தலையை விட்டு
அந்தத் துணி வயரை விரலால் தடவி,
இது இப்போதும் எங்கே கிடைக்கிறது என்றாராம்.
"ஹட்டன்ல" என்றாராம் டொக்டர்.

மகனுக்கு லேஸ் வாங்க வேண்டும்.
இரண்டு சோடி.